பட்டிமன்றத் தலைப்பை மாற்றிவிடுங்கள், ஐயா

ஏற்பாட்டுக் குழுவினருக்கும் நடுவர் ஐயாவுக்கும் வணக்கம்.

குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில் பக்கம் பூ வாங்கப் போனபோது உங்கள் நோட்டீஸ் கையில் கிடைத்தது. 'துப்பாக்கிச் சூட்டுப் படுகொலைகளுக்குப் பெரிதும் காரணம் மதமா? தனிமையா?' பிள்ளைகள் உலக நடப்பைப் படித்துப் பேசட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்தத் தலைப்பு வேண்டாம்.

முதலில் மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். பினாங்கில் தமிழ் நிகழ்ச்சி என்றால் இரண்டு பாய் குடும்பமாவது முன்வரிசையில் இருக்கும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கமிருந்து வரும் பெரியவர்களுக்கு நம்மைவிடப் பட்டிமன்ற ருசி அதிகம். 'மதம்' அணித் தலைவர் எழுந்ததும் 2016-இல் அமெரிக்காவின் ஒர்லாண்டோவில் நடந்ததைச் சொல்வார்: இரவு விடுதியில் 49 பேர் பலி, சுட்டவன் நடுவிலேயே போலீசுக்குப் போன் போட்டு ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் பெயரைச் சொன்னான். கைதட்டல் விழும். அந்தப் பெரியவர் தன் பேரனோடு அங்கே எப்படி உட்கார்ந்திருப்பார்? 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் இறந்த 51 பேரில் நம் மலேசியப் பையன் ஒருவனும் உண்டு. தொழப் போன இடம். சுட்டவன் வெள்ளையின வெறியன். இதை எந்த அணி எடுத்துக்கொள்ளும்?

சரி, 'தனிமை' அணிக்கு வருவோம். எனக்கு மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். படிவம் நான்கில் ஒரு பையன், ஓய்வு நேரத்தில் யாரோடும் சேரமாட்டான். ஒருநாள் அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். சக ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். "இந்த வயசுல எல்லாம் அப்படித்தான் டீச்சர்" என்றார். நானும் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். அவன் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. இப்போது பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான். ஒதுங்கியிருக்கும் பிள்ளைகளில் கிட்டத்தட்ட எல்லோருமே அவனைப் போலத்தான். நாளைக்கு உங்கள் மேடையில் 'தனிமைதான் கொலைகாரனை உருவாக்குகிறது' என்று ஒருவர் முழங்கினால், சபையில் ஓரமாக இருக்கும் அப்படி ஒரு பிள்ளையை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நோர்வேயில் 2011 ஜூலை 22 அன்று ஓஸ்லோ குண்டுவெடிப்பிலும் ஊத்தோயா தீவின் இளைஞர் முகாமிலும் சேர்த்து 77 பேர் இறந்தார்கள். அந்த முகாமில் இருந்த கம்சாயினி குணரத்தினம் நீந்தித் தப்பினார். நம் தமிழ்ப்பெண், 2015-இல் ஓஸ்லோவின் துணை மேயரும் ஆனார். சுட்டவன் வருடக்கணக்கில் தாயார் வீட்டில் கணினி விளையாட்டே கதியென்று கிடந்தவன். அதே ஆள்தான் முஸ்லிம்களுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் அறிக்கை தயாரித்தான். முதலில் பரிசோதித்த மருத்துவர்கள் மனநோய் என்றார்கள், அடுத்து வந்தவர்கள் இல்லை என்றார்கள். சித்தம் தெளிவாகத்தான் இருந்தது என்று நீதிமன்றம் சொல்ல ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நம் பேச்சாளர்களுக்கு ஆளுக்கு எட்டு நிமிடம்!

இங்கேயே பாருங்கள். 2024 மே மாதம் ஜொகூர் உலு திராம் காவல் நிலையத்தில் ஓர் இளைஞன் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றான். வெளியுலகத்தோடு அதிகம் பழகாமல், தீவிரவாத எண்ணம் ஊறிய வீட்டில் வளர்ந்தவன் என்று செய்தி வந்தது. மதமும் தனிமையும் ஒரே கூரையின் கீழ். இன்னொன்றையும் கவனியுங்கள்: அவன் பாராங்கத்தியோடுதான் வந்தான், துப்பாக்கியை அங்கிருந்த போலீஸ்காரரிடமிருந்து பறித்தான். நம் நாட்டில் துப்பாக்கி சுலபமாகக் கிடைக்காது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் 2017-இல் 60 உயிர்களைப் பறித்தவனின் ஹோட்டல் அறையில் துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன. அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. துருவித் துருவித் தேடியும் இன்னதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. துப்பாக்கி எப்படிக் கைக்கு வருகிறது என்ற கேள்வியே உங்கள் தலைப்பில் இல்லை, நோட்டீசில் துப்பாக்கி படமாக மட்டும்தான் இருக்கிறது.

என் யோசனை இதுதான். பட்டிமன்றத்தை வழக்காடு மன்றமாக மாற்றுங்கள். கூண்டில் மதத்தையும் தனிமையையும் ஏற்ற வேண்டாம், பக்கத்தில் இருந்தவர்களை ஏற்றுங்கள். 2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் இறந்தார்களே, தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும் அதில் போனார். சுட்ட மாணவனின் எழுத்தைப் படித்துப் பயந்த ஆசிரியர்கள் இருந்தார்கள், அவனுக்கு மனநலச் சிகிச்சை வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டிருந்தார், போலீசுக்கும் அவனைத் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குப் போகவில்லை. கிறைஸ்ட்சர்ச்காரன் துப்பாக்கி உரிமம் கேட்டபோது அவனுக்காகச் சாட்சி சொன்னவர்கள், இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும். போலீசார் அவன் குடும்பத்தில் ஒருவரையும் கேட்காமல் உரிமம் கொடுத்தார்கள்.

அந்தக் கூண்டில் முதல் ஆளாக நானே ஏறுகிறேன். நோட்டை மூடிக் கொடுத்த கதையை மேடையிலேயே சொல்கிறேன், வழக்கறிஞர் பிள்ளைகள் எப்படி வேண்டுமானாலும் குறுக்கு விசாரணை செய்யட்டும். நோட்டீஸ் அச்சடித்தாகிவிட்டது என்று யோசிக்காதீர்கள். மறுபடி அச்சடிக்கும் செலவில் பாதியை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை,
பட்டர்வொர்த்