அப்டேட்டுக்குள் விளம்பரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியோ கணினியோ எதுவானாலும், மென்பொருள் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் உடனே செய்துவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் இணையக் குற்ற விழிப்புணர்வுப் பகுதியில் அறிவுரை சொல்லியிருந்தீர்கள். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் மக்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சோம்பல், அலட்சியம், அறியாமை என்று பழி முழுவதும் எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அப்டேட்டை அனுப்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் காரைக்குடியில் கணினி மொய் எழுதும் தொழில் செய்கிறேன். இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுதல் என்று எந்த விசேஷமானாலும் மண்டப வாசலுக்கு அருகே மொய் மேசை போடுவார்கள். முன்பெல்லாம் கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவர் நீள நோட்டோடு உட்காருவார். இப்போது அந்த இடத்தில் ஒரு மடிக்கணினியும் பஸ் டிக்கெட் அளவுக்குச் சீட்டு அடிக்கும் சிறிய பிரிண்டரும் இருக்கின்றன. மொய் செய்கிறவர் ஊர், பெயர், தொகை மூன்றையும் சொல்வார். என் மாமனார் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். நான் தட்டச்சு செய்வேன். சீட்டு வரும், கூடவே அவருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் போகும். விசேஷம் முடிந்ததும் ஊர்வாரியாகப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி, கட்டுப்போட்ட புத்தகமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுவோம்.

மொய் என்பது அன்பளிப்பு மட்டுமில்லை, திரும்பச் செய்ய வேண்டிய கடன். ஆயிரத்து ஒன்று வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அதற்குக் குறையாமல் செய்தாக வேண்டும். அந்தப் புத்தகத்தைப் பத்திரப் பெட்டியில் வைத்துப் பிள்ளைகள் காலம் வரைக்கும் பாதுகாக்கிற வீடுகள் உண்டு. ஒரு பெயர் விடுபட்டால் பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும். இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், மொய் மேசையில் அந்தக் கணினித் திரை ஓர் ஐந்து நிமிடம் மறைந்தால் என்ன ஆகும் என்பது அதில் ஓடும் மென்பொருளைத் தயாரித்தவர்களுக்குப் புரியவில்லை.

நாங்கள் பயன்படுத்துகிற மொய் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறோம். இலவசமாக வாங்கவில்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். குறை அவர்களிடம் மட்டும் இருப்பதல்ல. வைகாசி முகூர்த்தம் ஒன்றுக்கு முந்தைய இரவு ஓர் அப்டேட் வந்தது. 'பாதுகாப்புத் திருத்தங்களும் செயல்திறன் மேம்பாடும்' என்று ஒரே வரி. உங்கள் பத்திரிகை சொல்கிறபடியே தள்ளிப்போடாமல் போட்டுவிட்டேன். மறுநாள் காலை பள்ளத்தூர் பக்கம் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்ததும் வரிசை மேசையிலிருந்து வாசல் வரைக்கும் நீண்டது. பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரம் எல்லோருக்கும். ஒருவருடைய ஊரைத் தட்டிவிட்டுப் பெயரைத் தட்டப் போனபோது திரை முழுக்க ஊதா நிறம் பரவியது. 'உங்கள் பதிப்பு பழையதாகிவிட்டது. பிரீமியம் திட்டத்துக்கு மாறுங்கள். சலுகை முடிய இன்னும் சில நிமிடங்களே!' என்று எழுத்து. கீழே நொடிகள் குறைந்துகொண்டே ஓடுகின்றன. 'இப்போதே மேம்படுத்து' என்ற பொத்தான் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையில். மூடுகிற குறி எங்கே என்று தேடினேன், இல்லை. ஊதாவின் மேல் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வது மாதிரி 'பிறகு நினைவூட்டு' என்று ஓர் எழுத்து வரிசை. 'வேண்டாம்' என்ற சொல் எங்குமே கிடையாது.

'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தினேன். போய்விட்டது. சில பேருக்குச் சீட்டு அடித்திருப்பேன், சொன்ன சொல் தவறாமல் நினைவூட்ட வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பாதி தட்டிய பெயர் அழிந்துபோனது. வரிசையில் நின்ற ஆச்சி ஒருவர், "என்ன ஆத்தா, எந்திரம் படுத்துவிட்டதா?" என்று கேட்டார். மாமனார் ஒன்றும் பேசவில்லை. பைக்குள்ளிருந்து நீள நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய கை. கணினியோடு எந்த மண்டபத்துக்குப் போனாலும் அந்த நோட்டை எடுத்து வருவார். அதைக் கேலி செய்துகொண்டிருந்த என் கணவர் இப்போது கேலி செய்வதில்லை.

வீட்டுக்கு வந்து அந்த நிறுவனத்தின் உதவி மையத்துக்குப் பேசினேன். மறுமுனையில் ஒரு தம்பி, பாவம், மரியாதையாகத்தான் பேசினார். "அது விளம்பரம் இல்லை மேடம், தகவல் அறிவிப்பு" என்றார். அறிவிப்பு என்றால் எதற்கு விலை போட்டிருக்கிறது என்று கேட்டேன். அதை நிறுத்த வழி இருக்கிறதா என்றும் கேட்டேன். பிரீமியம் வாங்கினால் வராதாம்.

இது இந்தச் சிறிய நிறுவனங்கள் தாமாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. பெரியவர்கள் காட்டிய வழி. ஆப்பிள் நிறுவனம் 2008-இல், விண்டோஸ் கணினியில் பாட்டுக் கேட்கும் ஐடியூன்ஸ் மென்பொருளை வைத்திருந்தவர்களுக்கு அப்டேட் அனுப்பும் கருவி வழியாகவே, அவர்கள் கேட்காத சஃபாரி என்னும் இணைய உலாவியையும் முன்கூட்டியே டிக் போட்டு நீட்டியது. அப்போது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜான் லில்லி, இது பயனரின் நம்பிக்கையைக் குலைக்கும், அதனால் இணையத்தின் பாதுகாப்புக்கே கெடுதல் என்று கண்டித்து எழுதினார். அவர் போட்டி உலாவி நடத்துகிறவர், சொந்த நலனும் இருந்திருக்கும்; ஆனாலும் சொன்னது பலித்துவிட்டது. பிறகு ஜாவா மென்பொருளின் அப்டேட்டோடு, உலாவியில் உட்கார்ந்துகொள்ளும் ஆஸ்க் டூல்பார் என்ற தேடல் பட்டை பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபிளாஷ் பிளேயரோடு வைரஸ் சோதனை மென்பொருள் ஒன்று வந்தது. டிக்கை எடுக்க மறந்தவர்களின் கணினியில் அவை குடியேறின.

எல்லாவற்றையும் மிஞ்சியது விண்டோஸ் 10 கதை. 2015 ஜூலை 29 அன்று அது வெளிவருவதற்கு முன்பே, விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்கு ஓர் அப்டேட் வந்தது. அது எந்தப் பாதுகாப்பு ஓட்டையையும் அடைக்கவில்லை. புதியதற்கு மாறச் சொல்லும் சின்னம் ஒன்றைத் திரையின் மூலையில் உட்கார வைத்தது. 2016 பிப்ரவரியில், மாறுவதற்கான அந்தப் பெரிய பொதியே 'பரிந்துரைக்கப்படும் அப்டேட்' வரிசையில் சேர்க்கப்பட்டது. மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பாதுகாப்புத் திருத்தத்தின் உள்ளேயே, விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் பட்டையும் இருந்தது. பாதுகாப்பு வேண்டுமானால் அதையும் சேர்த்துத்தான் வாங்கியாக வேண்டும். மே மாதம் அறிவிப்புப் பெட்டியின் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தினால் பெட்டி மூடிக்கொண்டது, ஆனால் குறித்துவைத்த நேரத்தில் மாற்றம் நடந்தது. வேண்டாம் என்று காலங்காலமாக அழுத்திப் பழகிய குறியைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் எல்லை மீறிப் போய்விட்டோம் என்று மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் தலைவரே அந்த ஆண்டின் கடைசியில் ஒப்புக்கொண்டார். கலிபோர்னியாவில் பயண முகவர் தொழில் செய்த ஒரு பெண்மணி, தான் கேட்காமலே தொடங்கிய அந்த மாற்றத்தால் கணினி கெட்டு வேலை நின்றது என்று வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். அந்தச் செய்தியைப் படித்தபோது, முன்பின் தெரியாத அந்த அம்மாள் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் போலத் தோன்றினார்.

எரிச்சலோடு இது முடிந்துவிட்டால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு முக்கியமான பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. அது உண்மையான மருந்து, விளம்பரம் எதுவும் இல்லை. மே 12 அன்று வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகம் முழுவதும் பரவி, 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. மாட்டிக்கொண்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள், அதாவது முந்தைய ஆண்டு வரை 'மாறு, மாறு' என்று நச்சரிக்கப்பட்ட அதே கூட்டம். மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் அவற்றில் அது போடப்படவில்லை. அத்தனை பேரும் விளம்பரத்துக்குப் பயந்துதான் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரிய அலுவலகங்களுக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் அப்படி நிறுத்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும். செக்காலைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணன் அவர்களில் ஒருவர். கணினி பழுது பார்க்க வருகிற பையனிடம் எங்கள் தெருவில் முதலில் கேட்பது, "தம்பி, இந்த அப்டேட் வராமல் அடைத்துவிட முடியுமா?" என்பதுதான். அவனும் அடைத்துக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு போகிறான். அந்தக் கடைகளில்தான் நாம் எல்லோரும் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் நகல் எடுக்கக் கொடுக்கிறோம்.

போலியோ சொட்டு மருந்து கொடுக்க வீடு வீடாக வருகிறவர், குழந்தையின் வாயில் சொட்டு விட்ட கையோடு சீட்டுக் கம்பெனி விண்ணப்பத்தையும் நீட்டினால் என்ன ஆகும்? அடுத்த முறை மணி அடித்தால் கதவு திறக்காது. நஷ்டம் குழந்தைக்கு.

விற்கவே கூடாதா, நிறுவனங்கள் பிழைக்க வேண்டாமா என்று கேட்பார்கள். தாராளமாக விற்கட்டும். என் எண் அவர்களிடம் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லட்டும். மின்னஞ்சல் அனுப்பட்டும். சந்தா புதுப்பிக்கிற நேரத்தில் பட்டியலைக் காட்டட்டும். இலவசமாகத் தருகிறவர்கள் விளம்பரம் போடுவதையும் நான் குறை சொல்லவில்லை, அது தெரிந்தே செய்துகொள்கிற ஏற்பாடு. பாதுகாப்புக்கு என்று சொல்லி உள்ளே வந்துவிட்டு விற்பனை செய்வதைத்தான் கூடாது என்கிறேன். அப்டேட்டில் என்ன மாறுகிறது என்பதைத் தமிழிலும் நாலு வரி எழுதினால் குறைந்தா போவார்கள்? 'வேண்டாம்' என்று ஒரு பொத்தான், 'வேண்டும்' என்பதற்குச் சமமான அளவில். ஒரு முறை வேண்டாம் என்றால் அது அடுத்த முகூர்த்தத்திலும் வேண்டாம்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் 13 வகைகளைச் சொல்லியிருக்கிறார்கள். பொய்யான அவசரம் காட்டுவது, மாறுவேட விளம்பரம், விடாமல் நச்சரிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 'வேண்டாம்' என்று சொல்ல வழி வைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்பது நச்சரிப்புக்கு உதாரணமாகவே அதில் தரப்பட்டிருக்கிறது. என்னைப் போல் சுயதொழிலில் வயிற்றுப் பிழைப்புக்காகப் பொருள் வாங்குகிறவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். கடைக்காரர்கள் தமக்கு இது பொருந்தாது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசிப் புகார் சொல்லலாம். ஆனால் இந்தப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இணையக் கடைகளையும் பயண டிக்கெட் தளங்களையும்தான் நினைக்கிறார்கள். அப்டேட் என்கிற கதவு வழியாக நடப்பதும் இதே வேலைதான் என்பதை ஆணையம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பாதித் தகராறு தீரும். பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகவும், மற்றவற்றைத் தனியாகவும்தான் அனுப்ப வேண்டும் என்று ஓர் உத்தரவு போதும்.

தாங்கள் அடுத்த முறை 'அப்டேட் செய்யுங்கள்' என்று எழுதும்போது, அதே பெட்டிச் செய்தியில் 1915 என்ற எண்ணையும், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போட வேண்டுகிறேன். அந்த ஊதாத் திரையை நான் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்கிறேன். நொடிகள் ஓடியதும் அதில் தெரிகிறது. புகாரோடு அதையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். எங்கள் சந்தா ஆவணியில் முடிகிறது. மொய் மேசையில் விளம்பரம் வராது என்று அவர்கள் எழுத்தில் தந்தால் புதுப்பிப்பதாக உதவி மையத்துத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
காரைக்குடி.