பட்டினியில் பிறந்த பேய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொரியத் தொடர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'ரெவனன்ட்' தொடருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: 'எதிர்பார்த்த அளவுக்குப் பயமுறுத்தவில்லை'. அதன் 12 பகுதிகளையும் இரண்டு முறை பார்த்தவள் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

கதையில் வருவது 'தேஜாக்வி'. பட்டினி போட்டுக் கொல்லப்பட்ட குழந்தையின் ஆவி அது. வேண்டுமென்றே உருவாக்கப்படுவது. குழந்தையைக் கடத்தி, உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டும் உணவு கொடுத்து, எலும்பும் தோலுமான பிறகு சோற்றைக் காட்டி மூங்கில் குழாய்க்குள் இழுத்துக் கொல்லும் கொடிய மாந்திரீகத்தைப் பற்றி, 18ஆம் நூற்றாண்டுக் கொரிய அறிஞர் யி இக் எழுதியே வைத்திருக்கிறார். தொடரில் 1958ஆம் ஆண்டு ஒரு கிராமமே பணத்துக்காக இதற்கு உடன்படுகிறது. சோற்றைக் கண்டதும் நீளும் அந்தச் சிறுமியின் மெலிந்த கையைப் பார்த்த பிறகு பேயைக் கண்டு எப்படி அலறுவது? எனக்கு அழுகைதான் வந்தது. இந்தத் தொடரை எழுதிய கிம் உன்ஹீயின் இன்னொரு தொடரான 'கிங்டம்' கதையிலும் கொள்ளைநோய் பரவத் தொடங்குவது பசியால்தான்.

அந்த ஆவி பிடித்துக்கொள்ளும் கூ சான்யங் யார்? கிடைத்த பகுதிநேர வேலைகளையெல்லாம் செய்துகொண்டு, அரசுப் பணித் தேர்வுக்கும் படிக்கும் ஏழைப் பெண். தாயின் பணத்தைத் தொலைபேசியில் ஏமாற்றிப் பறித்தவன் பிணமாகிறான். அவள் வாய்விட்டுச் சொல்லாத கோபத்தை ஆவி தெரிந்துகொண்டு நிறைவேற்றுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் பேயால் தானாகக் கதவைத் திறக்க முடியாது. தெரிந்தவர் குரலில் கூப்பிடும். உள்ளே இருப்பவர்தான் திறந்துவிட வேண்டும். அந்தத் தட்டல் சத்தம் கேட்கும்போதெல்லாம் 'திறக்காதே, திறக்காதே' என்று திரையைப் பார்த்து நான் முணுமுணுத்திருக்கிறேன்.

கொரிய மக்கள் இதை ஒதுக்கிவிடவில்லை. 2023 ஜூன், ஜூலை மாதங்களில், வெள்ளி சனி இரவுகளில் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, முதல் பகுதியே 10 சதவீதப் பார்வையாளர்களை நெருங்கியது. இறுதிப் பகுதி 11 சதவீதத்தைக் கடந்தது. சான்யங்காகக் குனிந்த தலையுடன் நடந்து, ஆவி ஏறியதும் அதே முகத்தில் வேறொரு சிரிப்பைக் கொண்டுவந்த கிம் தேரிக்கு, அந்த ஆண்டின் எஸ்.பி.எஸ். நாடக விருதுகளில் தலைமை விருது, நடிகர் லீ ஜேஹூனுடன் சேர்த்து வழங்கப்பட்டது.

திடுக்கிட வைக்கும் காட்சிகளை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம் இருந்திருக்கலாம்; அதை மறுக்கவில்லை. நடுவில் சில பகுதிகள் மெதுவாகத்தான் நகர்கின்றன. ஆனால் இந்தத் தொடரை ஒரே வரியில் கடந்துபோவது நியாயம் இல்லை. கொரிய நாட்டார் நம்பிக்கைகளைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். அது யி இக்கின் குறிப்பிலிருந்து தொடங்கினால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி