கராச்சி மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கடற்படை தினக் கட்டுரை படித்தேன். கராச்சித் துறைமுகத்தை நம் ஏவுகணைப் படகுகள் அடித்த கதையை நன்றாகத்தான் எழுதியிருந்தீர்கள், ஆனால் பாகிஸ்தான் போரின்போது அதே 1971 டிசம்பர் 4 அன்று வங்கக் கடலில் விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிப் போய் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரிலும் சிட்டகாங்கிலும் குண்டு போட்ட சீ ஹாக் போர் விமானிகளுக்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

அவர்கள் ஓட்டியது பழைய பிரிட்டிஷ் ஜெட். ஒரே இன்ஜின், ஒரே ஆள். கப்பலை ஓட்ட நீராவி தரும் கொதிகலன் ஒன்றில் விரிசல், அதனால் முழு வேகம் எடுக்க முடியாது. கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓடினால்தான் குண்டோடு கனக்கிற விமானத்தைத் தள்ளி மேலே ஏற்ற முடியும் என்கிறபோது அது எவ்வளவு பெரிய தொல்லை என்று யோசித்துப் பாருங்கள். போனால் மட்டும் போதுமா, திரும்பி வந்து, ஆடுகிற தளத்தில் குறுக்கே கட்டிய எஃகுக் கம்பியில் வால் கொக்கியை மாட்டி நிற்க வேண்டும்.

எதிரி விமானம் எதிரே வரவில்லையே, இதில் என்ன வான்போர் என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் கேட்டார். தரையிலிருந்து பீரங்கி சுடச் சுட தாழப் பறந்து போவது சும்மாவா? அந்த சீ ஹாக் பிரிவான 300-வது ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கிப் பறந்த லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கு போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தப் போரில் ஒரு சீ ஹாக்கைக் கூட நாம் இழக்கவில்லை.

இதை நான் இவ்வளவு வீம்பாக எழுதக் காரணம் உண்டு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் போகிற எங்களுக்கு, அதன் பக்கத்திலிருக்கும் சூலூர் விமானத் தளம் தூரமில்லை. கோவாவுக்குப் போகும் முன், 1960-களின் தொடக்கத்தில் இந்த சீ ஹாக் விமானங்கள் இருந்தது அந்தச் சூலூரில்தான். அப்போது அந்தப் பக்கம் மில் வேலைக்குப் போய்வந்த என் அப்பா, "நேவிக்காரங்க பிளேன் போனா ஓடெல்லாம் கடகடன்னு ஆடும்" என்பார். எந்த விமானம், எதற்கு வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அடுத்த டிசம்பரிலாவது சூலூரையும் சேர்த்து அரைப் பக்கம் போடுங்கள்.

அப்புறம் ஒன்று. கட்டுரையில் 1971 விக்ராந்த் என்று நீங்கள் போட்டிருந்த படம், 2022-இல் கடற்படையில் சேர்ந்த புது விக்ராந்த், எங்கள் கொச்சியில் கட்டியது. பழையதை 2014-லேயே உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்