இரண்டு சோடிகள் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த வாரக் கல்வி இணைப்பில் வந்த பத்தாம் வகுப்பு மாதிரி வினாக்களில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். (1, 2), (2, 4) என்று இரண்டு வரிசைச் சோடிகளைக் கொடுத்து, 'சார்பின் விதியைக் காண்க', அதாவது முதல் எண்ணிலிருந்து இரண்டாவது எண் எப்படி வருகிறது என்று சொல்லுங்கள் என, கேட்டிருந்தீர்கள். 'முதல் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும்' என்பது விடை. விடை சரிதான். அது ஒன்றுதான் விடை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

என்னிடம் கணக்குப் படிக்க வரும் மாணவி ஒருத்தி, பள்ளித் தேர்வில் இதே கேள்விக்கு 'இரண்டின் அடுக்கு' என்று எழுதியிருந்தாள். அடுக்கு ஒன்று என்றால் 2, அடுக்கு இரண்டு என்றால் 4. பொருந்துகிறது. ஆனாலும் சிவப்பு மையில் அடித்து சுழி போட்டிருந்தார்கள். விடைத்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "இதுல எது டீச்சர் தப்பு?" என்று அவள் கேட்டபோது, தப்பென்று காட்ட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. எண்ணின் வர்க்கத்திலிருந்து அதே எண்ணைக் கழித்து 2 கூட்டினாலும் இந்த இரண்டு சோடிகளும் வரும். 4 என்ற எண்ணுக்குப் போனால்தான் மூன்று விதிகளும் 8, 16, 14 என்று தனித்தனியாகப் பிரிகின்றன.

பாடநூல் இந்த இடத்தில் கவனமாக இருக்கிறது. 'உறவுகளும் சார்புகளும்' பாடத்தில் முன்னங்கை நீளத்துக்கும் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: 35 செ.மீ.க்கு 56 அங்குலம், 45க்கு 65, 50க்கு 69.5, 55க்கு 74. நீளத்தை ஒரு மாறிலியால் (மாறாத எண்ணால்) பெருக்கி இன்னொரு மாறிலியைக் கூட்டினால் உயரம் என்று விதியின் வடிவத்தை முன்பே சொல்லிவிடுகிறார்கள். அதனால் இரண்டு சோடிகள் போதும். நீளம் 10 கூடினால் உயரம் 9 கூடுகிறது, ஆகவே பெருக்குவது 0.9. 35ஐ 0.9ஆல் பெருக்கினால் 31.5, 56க்கு இன்னும் 24.5 வேண்டும், அதுதான் கூட்டுவது. மீதி இரண்டு சோடிகளையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் இதைச் செய்வதே இல்லை.

"அப்போ அஞ்சு சோடி கொடுத்தா சந்தேகமே வராதா டீச்சர்?" என்றாள். வட்டம் வரையச் சொன்னேன். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணைத்து, வட்டம் எத்தனை துண்டாகிறது என்று எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து புள்ளி வரை 1, 2, 4, 8, 16. ஆறுக்கு 32 என்று எண்ணாமலே எழுதிவிட்டாள். எண்ணினால் 30 வந்தது. புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்ததால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன. ஒரு புள்ளியைச் சற்று நகர்த்தியதும் நடுவே சின்னதாய் ஒரு முக்கோணம் திறந்தது. 31. பென்சிலால் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு மூன்று தடவை எண்ணினாள். அதற்கு மேல் வரவில்லை.

ஆகவே இனி இத்தகைய வினாக்களில் 'நேரிய சார்பு எனில்' (முன்னங்கைக் கணக்கைப் போல ஒரு மாறிலியால் பெருக்கி இன்னொன்றைக் கூட்டும் விதி) என்ற சொற்களையும் சேர்த்து அச்சிடுங்கள். சேர்க்காவிட்டால், கொடுத்த சோடிகள் அனைத்துக்கும் பொருந்தும் எந்த விதிக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் போடுங்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பல பள்ளிகளில் வினாத்தாள் தயாரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தஞ்சாவூர்.