16 கேமரா, ஒரே பெட்டி: நம் கடைவீதி வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணாச்சிக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கடைவீதி முழுக்க 16 கேமரா போடுவதென்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. கொட்டேஷனை நானும் பார்த்தேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், இருட்டில் எத்தனை மீட்டர் தெரியும், எந்தக் கம்பத்தில் எது வரும், எல்லாம் விவரமாக இருக்கிறது. ரெக்கார்டிங் பெட்டிக்கு மட்டும் ஒரே வரி: 16 சேனல் டிவிஆர், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். இந்த வேலையை நான் கேட்கவில்லை. கொட்டேஷன் கொடுத்தவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

நான் தொழில் பழகியது டேப் காலத்தில். அப்போது டிவிஆர் கிடையாது, மல்டிபிளெக்சர்தான். 16 கேமராவின் வயரும் அந்தப் பெட்டிக்குள் போகும், வெளியே ஒரே ஒரு வயர் வந்து விசிஆரில், அதாவது டேப்பில் பதியும் கருவியில், சேரும். பெட்டி ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஒரு படத்தை முறைவைத்து எடுத்து டேப்பில் வரிசையாக எழுதும். மூன்று மணி நேர டேப்பை ஒரு நாள் முழுக்க ஓட்டுவோம். நம் நாட்டு டிவி முறையான பாலில் (PAL) நொடிக்கு 50 படம் (அரைப்படம்தான், ஃபீல்டு என்போம்); எட்டில் ஒரு பங்கு வேகத்தில் ஓடினால் நொடிக்கு ஆறேகால். அதையும் 16 கேமரா பங்கு போட்டால் ஒரு கேமராவின் முறை வர இரண்டரை நொடி ஆகும்.

ஒரு நகைக்கடையில் அந்த இரண்டரை நொடி என்ன செய்யும் என்று என் கண்ணால் பார்த்தேன். ஒரு படத்தில் தட்டில் செயின் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கை இருக்கிறது. அடுத்த படத்தில் கையும் இல்லை, செயினும் இல்லை. மானிட்டரில் நேரடியாகப் பார்க்கும்போது எல்லாம் சீராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதை நம்பித்தான் இருந்தார்.

அதோடு முடியவில்லை. அந்த டேப்பை போலீஸ் ஸ்டேஷனில் சாதாரண விசிஆரில் போட்டால் 16 கேமராவின் படமும் கலந்து படபடவென்று ஓடியது. எந்தப் படம் எந்தக் கேமராவுடையது என்ற குறியீட்டைப் பெட்டி டேப்பிலேயே எழுதிவைக்கும். ஒரு கம்பெனியின் குறியீடு இன்னொரு கம்பெனி பெட்டிக்குப் பெரும்பாலும் புரியாது. கடையில் இருந்த மல்டிபிளெக்சரையே கழற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

இன்று டேப் போய் டிஸ்க் வந்துவிட்டது. ஆனால் ஒரு பெட்டியின் சக்தியை 16 பேர் பங்கு போடுகிற கதை மாறவில்லை. முழு 1080பி (ஃபுல் எச்டி) படத்தை எல்லாச் சேனலிலும் நொடிக்கு 25 பிரேம் (படம்) எழுத முடியாத டிவிஆர்கள் நிறைய இருக்கின்றன. நொடிக்கு எழுதும் பிரேம் குறையும், இல்லையென்றால் படத்தின் அகலம் பாதியாகும். பெட்டியின் மேல் 1080 என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். 16 சேனலும் சேர்ந்து ஓடும்போது என்ன பதிவாகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க் கணக்கு இன்னும் எளிது. படத்தைச் சுருக்கி எழுதும் எச்.265 முறையில் ஒரு கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 16 கேமராவுக்கு ஏறக்குறைய 346 ஜிபி. அப்படியானால் 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, மூன்று நாளைக்குக்கூடத் தாங்காது. தீபாவளிக் கூட்டத்தில் சரக்கு போனது ஸ்டாக் எடுக்கும்போதுதான் தெரியும், அதற்குள் அந்த நாள் அழிந்திருக்கும். 30 நாள் வேண்டுமென்றால் பத்தரை டிபி ஆகும்.

சரி, பெரிய டிஸ்க் போட்டால் போதுமா? போதாது. சாத்தான்குளத்தை நாம் மறந்துவிட முடியாது. 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்; அவரைத் தேடிப்போன மகன் பென்னிக்ஸையும் அங்கே பிடித்துவைத்தார்கள். காவலில் அடிபட்டு இருவரும் இறந்தார்கள். இருவருமே நம்மைப்போலக் கடை வைத்திருந்தவர்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், அங்கிருந்த 1 டிபி டிஸ்க்கில் இடம் இருந்தும் தினம் தினம் பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதியே இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. கேமராவும் டிஸ்க்கும் இருந்தும் அந்த இரவின் படம் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த அறிக்கையைப் படித்த நாளிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் செட்டிங்கைத்தான் பார்க்கிறேன்.

அதனால் பாஸ்வேர்டு யார் கையில் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கேமரா போட்டவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அப்புறம் கடிகாரம்: டிவிஆர் 20 நிமிடம் பிந்தி ஓடினால் போன் பதிவோடு ஒத்துப்பார்க்கும்போது சாட்சியே குழம்பிப்போகும். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, கொடுக்கும் பதிவோடு ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் ரேகை போன்ற எண்) குறித்த சான்றிதழும் வேண்டும். பெட்டிக்குப் பொறுப்பானவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் பெயர் எழுதுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சோதனை கேளுங்கள். 16 கேமராவும் ஓடட்டும். இரவு எட்டு மணிக்கு ஒருவர் வீதியில் வேகமாக நடந்து போகட்டும். மறுநாள் அந்த நிமிடத்தைத் தேடி எடுத்து, பென்டிரைவில் ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். முகம் தெரிகிறதா, நேரம் சரியா, படம் திறக்கிறதா?

ஞாயிறு மதியம் கடை அடைத்தபின் கூப்பிட்டால் நானே வந்து கூட இருக்கிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீதியில் கேமரா மாட்டிப் பிழைக்கும் ஒருவன்