முன்னாள் மாணவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் உயர்நிலைப் பள்ளியின் பழைய விழாக்களையும் மன்ற வேலைகளையும் எழுத்தில் பதிய வேண்டும் என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. பள்ளியின் கடைசி வகுப்பை ஆறாம் பாரம் என்று சொன்ன நாளிலிருந்து, பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய நாள்வரை என்று கால எல்லையும் வகுத்தோம். அறிவிப்பு போனதும் கட்டுரைகள் குவிந்தன. பாதிக்குமேல் ‘அந்த நாள் இனி வருமா’ ரகம். ஆண்டு விழா நாடகத்தைப் புகழ்ந்தவர்கள் பலர். அந்த மேடையை எதன்மேல் கட்டினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் யார் செய்தார்கள் என்பதைவிட எப்படிச் செய்தார்கள் என்பதையே கேட்டு வாங்குவது என்று செயற்குழு முடிவெடுத்தது. இரண்டாம் சுற்றில் தேறியவற்றின் சாரம் இது.

முதலில் மேடை. நிரந்தர மேடை கிடையாது. ஆசிரியர் மேசைகளை வகுப்பு வகுப்பாகத் தூக்கி வந்து, ஒரே உயரமுள்ளவற்றைப் பொறுக்கி ஒட்டிப் போடுவார்கள். பக்கத்துப் பக்கத்து மேசைக் கால்களைத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே பலகை, அதற்கும் மேலே ஜமுக்காளம். விரற்கடை உயர வித்தியாசம் இருந்தாலும் ஜமுக்காளம் அதை மறைத்துவிடும். ராஜா கம்பீரமாக நடந்து வரும்போதுதான் அது தெரியவரும். மைதானம் மணல் என்பதால் கால்கள் ஒரு பக்கமாகப் புதையும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் செங்கல் வைப்பது அதற்காகத்தான், அலங்காரத்துக்கு அல்ல. ஜமுக்காளத்தின் ஓரத்தை மடித்து மேசைக்கு அடியில் கட்டிவிட வேண்டும். தொங்கவிட்டால் படியேறுகிறவர் காலில் சிக்கும்.

திரை இரண்டு மூங்கிலுக்கு நடுவே கட்டிய கம்பியில் வளையங்களில் ஓடும். பாதி மூடி நின்றுபோனால் பழி திரை இழுத்த பையன்மேல் விழும். உண்மைக் குற்றவாளி கம்பியின் தொய்வு. துணியின் கனத்தில் மூங்கில்கள் உள்நோக்கிச் சாய, கம்பி தொய்ந்து, வளையங்கள் பள்ளத்தில் போய்த் தங்கிவிடும். ஒவ்வொரு மூங்கிலையும் வெளிப்பக்கமாக முளையடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

வெளிச்சம் பெட்ரோமாக்ஸ் விளக்கு. தொட்டியில் முக்கால் பங்குதான் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும்; மீதி இடம் காற்றுக்கு. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, அது எரிந்து தீரும் தறுவாயில் காற்றுத் திருகை மூடிப் பம்பு அடிக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னதாக அடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீச்சி, மஞ்சள் சுவாலை எழும்பி, மேண்டில் (சூடேறி ஒளிரும் வலைப்பை) முழுக்கக் கரி பிடிக்கும். முதல் தடவை எரிந்ததும் மேண்டில் வெறும் சாம்பல் வலைதான். விளக்கைத் தூக்கி மாட்டும்போது ஓர் ஆட்டம் ஆடினால் உதிர்ந்துவிடும். ஓட்டை விழுந்த மேண்டிலோடு எரியவிட்டால் சுவாலை ஓட்டை வழியே கண்ணாடியில் அடித்து அதையும் உடைக்கும். விளக்குக்கு ஒருவர், கையில் மாற்று மேண்டிலும் அடைப்பெடுக்கும் ஊசியும் வைத்துக்கொண்டு, நாடகம் முடியும்வரை நிற்க வேண்டியது அதனால்தான். சுடர் மங்கினால் பம்பு அடிக்க வேண்டியவரும் அவரே. கைதட்டல் இல்லாத வேலை.

அழைப்பிதழ்களும் தேர்வுத் தாள்களும் சைக்ளோஸ்டைலில், அதாவது மெழுகுத் தாளில் கீறிய எழுத்தின் வழியே மை இறக்கிப் படியெடுக்கும் முறையில், எடுத்தவை. மெழுகுத் தாளில் எழுத்தாணியால் எழுதும்போது, சுழி நிறைந்த ண, ஞ போன்ற எழுத்துகளில் அழுத்தினால் சுழிக்குள் இருக்கும் துண்டு கழன்று, அச்சில் கறுப்பு வட்டமாக விழும். நமக்கு வந்த பழைய தாள்களில் இதைப் பார்த்துவிட்டு ‘மை கொட்டியது’ என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்; திருத்திவிட்டோம்.

ஆண்டு போடாத காகிதங்களைக் காலப்படுத்துவதே இந்த ஆண்டு அதிக நேரம் தின்ற வேலை. ரசீதில் ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பின், பெரும்பாலும் 1964க்குள். அவ்வாண்டு ‘நயா’ கழற்றப்பட்டது. முகவரியில் ‘சென்னை மாநிலம்’ என்றிருந்தால் தமிழ்நாடு என்று பெயர் மாறிய 1969 ஜனவரி 14க்கு முந்தியது என்று கொள்ளலாம். ஆசிரியர் தின விழா என்றால் 1962க்கு முன் போகாது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. மாணவரின் பிரிவுபசார அழைப்பு என்றால், 1978இல் மேனிலை வகுப்புகள் வருவதற்கு முந்தையது. அச்சிட்ட தாளில் தும்பிக்கை வைத்த பழைய வடிவ ‘லை’, ‘னை’ இருந்தாலும் அதே ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சிற்றூர் அச்சகம் பழைய ஈய எழுத்தை மறுநாளே உருக்கிவிடாது. இந்தச் சான்றைத் தனியாக நம்ப வேண்டாம். என்.சி.சி. (தேசிய மாணவர் படை) அணிவகுப்பு பற்றி எழுதுவோர், 1968 ஜனவரியில் சட்டமன்றம் இந்திக் கட்டளைச் சொற்களுக்கு எதிராகத் தீர்மானம் போட்டதை நினைவில் வைத்து, தாம் சொல்வது அதற்கு முன்பா பின்பா என்று குறிப்பிட வேண்டும்.

பிரிவுபசாரத்தில் இனிப்பு, காரம், காபி. பழைய குறிப்பேட்டின் வீசைக் கணக்கை, வீசைக்கு 1.4 கிலோ என்று மாற்றிப் பார்த்து, பொங்கல் கூடுகையில் கேசரி கிண்டினோம். 100 பேருக்கு ரவை 2 கிலோ, சர்க்கரை 3.5 கிலோ, நெய் 1 கிலோ, தண்ணீர் 6 லிட்டர் சரியாக இருந்தது. ரவை முழுக்க வெந்தபின்தான் சர்க்கரை சேர்க்க வேண்டும். முந்திக்கொண்டால் ரவை அதற்குமேல் வேகாது, நறுக்கு நறுக்கென்று நிற்கும். நெய்க்குப் பதில் முழுதும் டால்டா ஊற்றினால் ஆறியதும் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். அந்தக் கால வரவு செலவில் அது தவிர்க்க முடியாதது என்பதையும் பதிகிறோம்.

விளையாட்டு விழாவுக்கு 200 மீட்டர் ஓடுதளம் போடும் கணக்கு மட்டும் எழுதி வாங்கியிருக்கிறோம்: நேர்கோடு இரண்டும் 50 மீட்டர், வளைவின் ஆரத்துக்குக் கயிறு 15.62 மீட்டர். ஓட்டக்காரர் உள்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாகக் கொண்டே இந்தக் கணக்கு போடப்பட்டது. நனைந்த கயிறும் உலர்ந்த கயிறும் ஒரே நீளம் இராது. அளவு நாடாவோடு சரிபார்க்காமல் சுண்ணாம்பு போடக் கூடாது.

குழுப்படங்கள் பற்றி ஒரு வேண்டுகோள். பிளேட் கேமராவில் எடுத்த படங்களின் தெளிவு இன்றும் வியக்க வைக்கிறது. அசைந்தவர் முகம் மட்டும் கலங்கியிருக்கும். படங்கள் கெடுவது பெரும்பாலும் சட்டத்துக்குள்தான். ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள்; படத்தின் மேற்படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு அப்படியே கொண்டுவாருங்கள், மேலேயே வைத்து ஸ்கேன் எடுக்கிறோம். அட்டையின் பின்புறத்தையும் தவறாமல் எடுக்க வேண்டும். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பெயர்ப் பட்டியலை ‘இடமிருந்து வலம்’ என்று தரும்போது, அது பார்ப்பவரின் இடமா, நிற்பவரின் இடமா என்று தெளிவாக எழுதுங்கள். இந்த ஒரு குழப்பத்தால் இரண்டு படங்களில் வரிசை முழுவதும் தலைகீழாகியிருந்தது.

கையெழுத்துப் பத்திரிகை ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஒரே பிரதிதான் எழுதி வகுப்புக்குள் சுற்றுக்கு விடுவார்கள் என்பதால், யாராவது வீட்டுப் பரணில் இருந்தால்தான் உண்டு. இரவல் தந்தாலே போதும், ஸ்கேன் எடுத்துத் திருப்பித் தருவோம். பெண் வேடம் கட்டியவர்களின் ஒப்பனை முறை பற்றிய குறிப்பும் பாக்கி. எழுதத் தெரிந்தவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

செயலாளர்