வாய் கோணினால் லேபுக்கு அல்ல, ஸ்கேனுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்புக்கு ட்ரோபோனின் என்ற இதயப் புரதத்தை இரத்தத்தில் பார்ப்பதுபோல் பக்கவாதத்துக்கும் இரத்தப் பரிசோதனை வந்துவிட்டதாமே, எங்கே எடுக்கலாம் என்று எங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பலர் கேட்கிறார்கள். எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று சொல்லாமல் விட்டால், வாய் கோணிய ஆளை லேப் வாசலில் உட்காரவைத்து விடுவார்களோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறோம்.

பக்கவாதம் என்பது ஒரே பெயரில் இரண்டு நோய். ஒன்றில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை உறைந்த இரத்தக் கட்டி அடைக்கிறது. மற்றதில் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கட்டியைக் கரைக்கும் அல்டெப்ளேஸ் மருந்தைக் கசிவு உள்ளவருக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதலில் சி.டி. ஸ்கேன்.

இந்த இரண்டையும் பிரித்துக்காட்ட இரத்தத்தில் தேடப்படும் பொருள்களில் நம்பிக்கை தருவது ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம். நரம்பணுக்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் அணுக்களின் உள்சட்டம் அது. கசிவு அந்த அணுக்களை உடனே கிழிப்பதால் புரதம் சீக்கிரமே இரத்தத்துக்கு வந்துவிடும். அடைப்பில் அணுக்கள் மெல்லச் சாகின்றன. அளவு உயரப் பல மணி நேரம் பிடிக்கும். இந்த இடைவெளிதான் பரிசோதனையின் பலம். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 205 நோயாளிகளிடம் பார்த்து 2012-ல் வெளியான ஆய்வில், லிட்டருக்கு 0.29 மைக்ரோகிராமைத் தாண்டினால் கசிவு என்று கோடு போட்டார்கள். கசிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 84 பேர் பிடிபட்டார்கள். நல்ல கணக்குத்தான், ஆனால் மிச்சம் 16 பேர்? கசிவு சிறியதாக இருந்தால் புரதமும் கொஞ்சமாகத்தான் வரும். அந்த 16 பேருக்கும் அடைப்பு என்று நினைத்துக் கட்டி கரைக்கும் ஊசி போட எந்த டாக்டரும் துணியமாட்டார். மூளையில் வளரும் புற்றுக்கட்டியும் தலைக்காயமும்கூட இதே புரதத்தை ஏற்றும். பக்கவாதம் வந்து விழுந்தவர் தலையிலும் அடிபட்டிருக்கலாம். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இந்தப் புரதத்தைப் பார்க்கும் 15 நிமிடக் கருவியும் தலைக்காயத்துக்கானது, பக்கவாதத்துக்கு அல்ல.

ஊசி போடுமுன் எல்லாருக்கும் கட்டாயம் பார்க்கவேண்டிய இரத்தப் பரிசோதனை விரல்நுனிச் சர்க்கரை ஒன்றுதான். சர்க்கரை லிட்டருக்கு 2.8 மில்லிமோலுக்குக் கீழே போனாலே ஒரு பக்கக் கை விழலாம், பேச்சு குழறலாம். குளுக்கோஸ் ஏற்றினால் அதே கை எழும்பிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆரும் வேண்டும், 1.7-ஐத் தாண்டினால் அல்டெப்ளேஸ் கிடையாது. ஆகவே மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

காசு கொடுத்து மற்றவற்றையும் எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு, இரத்தம் எடுக்கும் குழாயிலேயே நடக்கும் தப்பைச் சொல்கிறோம். மூளைச் சேதத்துக்கு அடையாளமாகப் பார்க்கப்படும் என்.எஸ்.இ. என்ற நொதி மூளையில் மட்டுமில்லை, சிவப்பணுவிலும் இருக்கிறது. மெல்லிய ஊசியால் புறங்கை இரத்தநாளத்தில் குத்தி, சிரிஞ்சை வேகமாக இழுத்து, குழாயைக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். சுழற்றியபின் வைக்கோல் நிறத்தில் நிற்கவேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக நிற்கும். மூளை நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் எண் ஏறிவிடும். இரத்தக் கட்டி கரையும்போது வரும் துண்டான டி-டைமரைப் பார்க்கும் நீலமூடிக் குழாயில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு இரத்தம் வேண்டும்; பாதியில் நிறுத்தினால் கணக்கு கெடும். சரியாகவே எடுத்தாலும் நிமோனியா, கர்ப்பம், புற்றுநோய், காலில் இரத்தக் கட்டி என்று எதற்கெல்லாமோ டி-டைமர் ஏறும்.

குணமாகும் நாட்களில் பயன் தரக்கூடியது நரம்பிழைப் புரதம், என்.எஃப்.எல். சேதம் பெரிதானால் இதுவும் கூடும். இரண்டு மூன்று வாரத்தில் உச்சிக்குப் போய், பிறகு மாதக்கணக்கில் இறங்கும். ஆனால் வயது ஏற ஏறத் தானாகவே கூடும், சிறுநீரகம் பழுதானாலும் கூடும். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்த 75 வயதுப் பாட்டியின் எண்ணை 40 வயதுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்குவதில் அர்த்தமில்லை. எப்போது நடப்பார் என்பதை அந்த எண்ணைவிடப் பிசியோதெரபிஸ்ட் நன்றாகச் சொல்வார்.

இதயம் சிரமப்படும்போது இரத்தத்தில் கூடும் என்.டி.-ப்ரோ பி.என்.பி. என்ற பொருள் கூடியிருக்கிறது என்று மாத்திரையை மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு. காரணம் தெரியாத பக்கவாதம் வந்து, இதயத்தின் மேலறை கெட்டிருப்பதாக இதுபோன்ற அறிகுறிகள் காட்டியவர்களுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் வந்த முடிவில் ஆஸ்பிரினைவிட அது மேலாக இல்லை. டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. கூப்பிடும்போது கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். கட்டி கரைக்கும் ஊசி போடுவதற்கான நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லாமல் படுக்கப்போன நேரத்தைச் சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
இரத்தப் பரிசோதனைக்கூடப் பணியாளர்கள் இருவர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா